நீலியின் கேள்வியும் மணிபல்லவத்து எலும்பும்

வேங்கடத்தின் அடியில் வாழும் நமக்கு எல்லை என்னும் சொல் புதியதன்று. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வைத்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது; 1960இல் திருத்தணிப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு மாறிவந்தன. ஆயினும் இலக்கிய வழக்கு இக்கோடுகளை அறியாது. திருவாலங்காடும் அதனை அடுத்த பழையனூரும் 1960 வரை சித்தூர் மாவட்டத்து ஊர்களே. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த செய்தியைக் கூறுவன. அந்தப் பழையனூரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பேய்மகள் ஒருத்தியிடமிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

பழையனூர் நீலியின் கதை பலவாறு வழங்கும். கணவனால் கொல்லப்பட்ட பெண் ஒருத்தி, மறுபிறப்பில் வணிகனாய்ப் பிறந்த அவனைப் பேயுருவில் தொடர்கிறாள். கட்டை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, 'இவன் என் கணவன்' என்று ஊரார் முன் வழக்குரைக்கிறாள். வேளாளர் எழுபதின்மர் வணிகனுக்குத் தம் உயிரையே பிணை கூறுகின்றனர். அவன் கொல்லப்பட, சொன்ன சொல் தவறாது அவர்கள் தீப்பாய்கின்றனர். சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இச்செய்தியைச் சுட்டுகிறார் என்பது அறிஞர் கொள்கை. வேளாளரின் வாய்மைக்காகவே இக்கதை போற்றப்படும். எனினும் இதனுள் மற்றொரு கருத்தும் உண்டு. கொன்றவன் பிறவி மாறினான், உடல் மாறினான், பெயரும் மாறினான். ஆயினும் நீலிக்கு அவன் அவனே. செய்தவனைச் செய்த வினை தேடி வந்து பற்றும் என்னும் நம்பிக்கைக்கு இதனினும் கூரிய கதை வடிவம் வேண்டுவதில்லை.

சமணச் சிறுகாப்பியமாகிய நீலகேசியின் தலைவியும் நீலி என்னும் பெயர் பூண்ட பேய்த் தெய்வமே. அவளைப் பழையனூர் நீலியோடு இணைத்துக் காண்பர் அறிஞர் பலர். சுடுகாட்டில் தவம் செய்யும் முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் காளிக்குரிய உயிர்ப்பலியை நிறுத்துகிறார். காளியின் முறையீட்டால் வந்த நீலகேசி அரசன் மகள் வடிவெடுத்து அவர் தவத்தைக் குலைக்க முயல்கிறாள், தோற்கிறாள், அவர் மாணாக்கியாகிறாள். பின்னர் ஊர்தோறும் சென்று பிற சமயத்தாரோடு வாதிடுகிறாள். நூலின் பத்துச் சருக்கங்களுள் நான்கு பௌத்தரோடு நிகழ்த்தும் வாதங்கள். குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன் ஆகியோரை வென்று, இறுதியில் புத்தரையே எதிர்கொள்கிறாள். முற்பிறவிப் பழியைத் தொடர்ந்து சென்று தீர்க்கும் நீலியின் பெயரையே, உயிர் நிலையானது என்று வாதிக்கும் பாத்திரத்திற்கு ஆசிரியர் சூட்டியது தற்செயலாகவும் இருக்கலாம். தற்செயலாயினும் மிகப் பொருத்தமானது.

மூன்று குற்றச்சாட்டுகள்

நீலகேசி தொடங்கி, பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார்ப் பரபக்கம் வரை, தமிழில் பௌத்தத்தின் மீது சாற்றப்பட்ட குற்றங்கள் பல. புலால் உண்ணுதல், மரம் முதலியவற்றிற்கு உயிரில்லை எனல், புத்தரின் முற்றுணர்வு முதலியன அவற்றுள் சில. ஈண்டு உயிரையும் துன்பத்தையும் பற்றிய மூன்றனை மட்டும் நோக்குவோம்.

முதலாவது, வினையும் பயனும் பற்றியது. எல்லாப் பொருளும் கணந்தோறும் தோன்றி அழிவன; உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உணர்வு என்னும் ஐந்து கந்தங்களின் கூட்டமேயன்றி உயிர் என வேறொன்றில்லை என்பர் பௌத்தர். அங்ஙனமாயின் வினை செய்தவன் அக்கணமே அழிந்தான். பயன் நுகர்வோன் வேறொருவன். செய்தவனுக்குப் பயன் இல்லை. செய்யாதவனுக்குப் பயன் வந்து சேர்கிறது. இது நீதியாகுமா?

இரண்டாவது, துன்பம் பற்றியது. எல்லாம் துன்பம் என்கிறீர்கள். துன்புறுவோன் ஒருவன் இல்லையேல் துன்பம் யாருடையது? அருள் செய்க என்கிறீர்கள். அருளுக்கு உரியவன் இல்லாதபோது யாருக்கு அருள்வது?

மூன்றாவது, வீடு பற்றியது. ஐந்து கந்தங்களும் அவிந்தொழிவதே நிருவாணம் எனின், அதனை அடைந்தவன் யார்? அடைந்தபின் எவனும் இல்லையேல், அந்நிலையை உலகுக்கு உரைத்தவன் யார்?

இவை வீண் கேள்விகள் அல்ல. பகைவர் மட்டும் எழுப்பிய கேள்விகளும் அல்ல. 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கர், தம் மறைவுக்குப்பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலின் முன்னுரையில், பௌத்தத்தை விளக்க முயல்வோர் எதிர்கொள்ளும் சிக்கல்களை அடுக்குகிறார். ஆன்மா இல்லையெனில் கன்மமும் மறுபிறப்பும் எங்ஙனம் நிற்கும் என்பது அவற்றுள் ஒன்று. துன்பமே முதலுண்மை எனின் அச்சமயம் மனிதனுக்கு நம்பிக்கை தருமா என்பது மற்றொன்று. நீலகேசி வாதில் வெல்ல எழுப்பிய கேள்வியையே, அச்சமயத்தை நாடிச் சென்றவரும் தெளிவு தேடி எழுப்பியிருக்கிறார். ஆகவே இதனைப் பழைய சமயப்பூசல் என ஒதுக்கிவிட இயலாது.

எலும்பின் முன் நின்ற அரசன்

தமிழில் பௌத்தத்தின் விடையைக் கேட்க நமக்கு முழுமையாக எஞ்சிய காப்பியம் மணிமேகலை ஒன்றே. அதன் தருக்கப் பகுதிகளையே ஆராய்ச்சியாளர் பெரிதும் எடுத்துக்காட்டுவர். நான் கதைப்பகுதி ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆபுத்திரன் அமுதசுரபியால் பசி தீர்த்தவன். மரக்கலத்தில் சென்றபோது மணிபல்லவத் தீவில் தனியே விடப்படுகிறான். உண்பார் இல்லாத இடத்தில் தன்னுயிரை மட்டும் காக்க மனமின்றிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாது உயிர் விடுகிறான். பின் சாவக நாட்டில் புண்ணியராசனாகப் பிறந்து அரசாள்கிறான். மணிமேகலையோடு அவன் மீண்டும் அத்தீவை அடைய, தீவதிலகை என்னும் தெய்வம் தோன்றிப் பழைய வரலாற்றை உரைக்கிறது. மணலைத் தோண்டுகிறார்கள். அங்கே எலும்புக்கூடு கிடக்கிறது. அவனுடையதே.

தன் எலும்பைத் தானே பார்க்கும் அரசன்! உலக இலக்கியத்தில் இத்தகைய காட்சி அரிது. நீலகேசி அங்கு நின்றிருந்தால் மகிழ்ந்திருப்பாள். 'உயிர் இல்லை என்றீரே; இவ்வெலும்பு இவனுடையது என்று எப்படிச் சொன்னீர்? அன்று பட்டினி கிடந்தவனும் இன்று முடி சூடியவனும் ஒருவன் என்றன்றோ உம் காப்பியமே கூறுகிறது' என்று கேட்டிருப்பாள். கேள்வி நியாயமானதே. உதயகுமரன் கதையும் அதுவே. முற்பிறவியில் இராகுலனாக இருந்தபோது மடைத்தொழிலாளன் ஒருவனை வெட்டிய வினை, காஞ்சனன் வாளாக வந்து அவனை மாய்த்தது என்று கந்திற்பாவை உரைக்கிறது. பழையனூர் நீலியின் கதைக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு சிறிதே.

ஆனால் சாத்தனார் இவ்விடர்ப்பாட்டை அறியாதவர் அல்லர். இறுதிக் காதையில் அறவண அடிகள் வாய்மொழியாகப் பன்னிரு சார்பினை உரைக்கும்போது அவர் கையாளும் பகுப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்பன அப்பன்னிரண்டு. இவற்றை நான்கு கண்டங்களாக வகுத்து, கண்டத்திற்கும் கண்டத்திற்கும் இடையில் மூன்று 'சந்தி'களை வைக்கிறார். முதற்சந்தி செய்கைக்கும் உணர்வுக்கும் இடையில் அமைகிறது. அதாவது, சென்ற பிறப்பின் வினை முடிந்து இப்பிறப்பின் உணர்வு தொடங்கும் இடம். எதிர்வாதியர் ஆன்மாவைத் தேடுவது சரியாக அவ்விடத்தில்தான். அங்கே சாத்தனார் வைத்திருப்பது கடந்து செல்லும் ஒருவனை அன்று, ஒரு மூட்டினை. கடப்போன் இல்லை, கட்டு உண்டு என்பது அவர் விடை.

பாலி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஞா இவ்விடையை உவமைகளால் விளக்கும். மாவிளைச்சல் மிக்க சித்தூர்ப் பகுதியினர்க்கு அவற்றுள் ஒன்று எளிதில் விளங்கும். மாங்கனி திருடியவன், 'உடையவன் நட்டது விதை, நான் எடுத்தது கனி, இரண்டும் ஒன்றல்ல, ஆகவே குற்றமில்லை' என்று வாதிட்டால் அரசன் விடுவானா? விதை இன்றிக் கனி இல்லை. அத்தொடர்ச்சியே உரிமைக்கும் குற்றத்துக்கும் போதும் என்பது நாகசேனர் கருத்து.

விடையின் வலிமையும் குறையும்

இவ்விடை முதற்குற்றச்சாட்டை முற்றிலும் நீக்கிற்றா? பாதி நீக்கிற்று என்பதே என் துணிபு. காரணத் தொடர்ச்சி உண்டு என்பதை மாங்கனி காட்டுகிறது. ஆனால் அத்தொடர்ச்சி மட்டும் நீதிக்குப் போதுமா? நையாயிகர் இங்கே ஓர் அரிய தடையை எழுப்பினர். ஆசிரியனின் அறிவு மாணாக்கனின் அறிவுக்குக் காரணமாகிறது. அங்கும் தொடர்ச்சி உண்டு. ஆயினும் ஆசிரியன் கண்டதை மாணாக்கன் தான் கண்டதாக நினைவு கூர்வதில்லை. ஆசிரியன் செய்த வினையை அவன் நுகர்வதும் இல்லை. 'அது வேறு தொடர், இது வேறு தொடர்' என்று பௌத்தர் கூறினால், ஒரு தொடரை ஒரே தொடராக்குவது எது என்னும் கேள்வி எழும். அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், வாசலில் விரட்டப்பட்ட ஆன்மா கொல்லைப்புறமாக வந்துவிட்டது என்று நீலகேசி நகைப்பாள். இவ்விடத்தில் அவள் நகைப்பு பொருளற்றதன்று.

ஆயின் குறை ஒரு பக்கத்தது மட்டுமா? உயிர் என்றும் மாறாதது எனின் அது துன்புறுவது எங்ஙனம்? மாறாத பொருளை வாள் வெட்டினும் ஒன்று, பூ வருடினும் ஒன்று. மாறும் எனின், மாற்றங்களுக்கிடையே மாறாது நிற்பது யாது? சமணர், பொருள் நிலையானது, அதன் பரியாயங்கள் மாறுவன என்றனர். சைவ சித்தாந்திகள், உயிர் தான் சார்ந்ததன் இயல்பைப் பெறும் என்றனர். சாரும் பொருளுக்கேற்ப முழுதும் வேறுபடும் ஒன்றினை நிலைபொருள் எனக் கூறுவதற்கும், நிலைபொருள் இன்றித் தொடர்ச்சி உண்டு எனக் கூறுவதற்கும் இடையிலுள்ள தொலைவு, வாத மேடையில் தோன்றிய அளவு பெரிதன்று. எதிரியை வீழ்த்தும் ஆர்வத்தில் நம் புலவர்கள் இந்நெருக்கத்தைக் காட்டவில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டில் பௌத்தத்தின் விடை மௌனமே. அணைந்த தீ எத்திசை சென்றது என்று கேட்பது பொருந்தாதவாறு போல, வீடெய்தியவன் இருக்கிறானா இல்லையா என்பதும் பொருந்தாக் கேள்வி என்பது புத்தர் வச்சகோத்தருக்குக் கூறிய விடையின் கருத்து. எதிர்வாதியர் இதனைத் தோல்வியாகக் கொண்டனர். வாத இலக்கணப்படி விடையளியாமை தோல்விதான். ஆனால் கூறவியலாததைக் கூறாது விடுதல் எல்லாச் சமயத்தும் உயர்ந்தோர் கைக்கொண்ட நெறி. தம் இறைவனைச் சொல்லிறந்தவன் என்று போற்றிய நம்மவர், பிறன் மௌனத்தை மட்டும் அறியாமை என்று இகழ்ந்தது நடுநிலை ஆகாது.

பசி யாருடையது?

இனி இரண்டாம் குற்றச்சாட்டுக்கு வருவோம். துன்புறுவோன் இல்லையேல் துன்பம் யாருடையது? அருள் யாருக்கு? மூன்றனுள்ளும் இதுவே எனக்கு இன்றியமையாததாகத் தோன்றுகிறது. இதற்கே சாத்தனார் முழு விடை தந்துள்ளார் என்றும் தோன்றுகிறது.

புண்ணியராசன் தன் எலும்பைக் கண்டு மயங்குகிறான். அவ்வேளையில் மணிமேகலை, 'அவன் நீயே' என்றோ 'நீ அவன் அல்லன்' என்றோ தத்துவம் பேசிக்கொண்டிருக்கவில்லை. நாட்டுக்குத் திரும்பி அறம் செய்யத் தூண்டுகிறாள். அறமாவது எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் உறைவிடமும் அளித்தலே என்று அவள் வரையறுப்பதும் அவ்விடத்திலேயே. எலும்பு யாருடையது என்னும் கேள்வி, பசி எங்குள்ளது என்னும் கேள்வியாக மாற்றப்படுகிறது. யானைத்தீ நோயால் வாடிய காயசண்டிகைக்கு அமுதசுரபியின் உணவை இட்டபோதும், சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியபோதும் அவள் செய்தது இதுவே. பசித்தவனுள் நிலைபேறுடைய உயிர் ஒன்று உண்டா என்று ஆராய்ந்தபின் சோறிடுவார் எவருமில்லை. துன்பத்திற்கு உரிமையாளன் தேவையில்லை. அதனை நீக்கத் துன்பம் இருப்பதே போதும். உண்மையில், 'என் துன்பம், பிறன் துன்பம்' என்னும் வேலியைத் தகர்ப்பதற்கே ஆன்மா இன்மையைப் பௌத்தம் பயன்படுத்திற்று எனலாம்.

எல்லாம் துன்பம் என்பது சோர்வுக் கொள்கை என்பாருக்கும் இதிலேயே விடையுண்டு. பன்னிரு சார்பும் துன்பத்திற்குக் காரணம் உண்டு என்கின்றன. காரணம் உடையது நீங்கும். நீங்காது என்று நம்பியவன் சிறையைச் சிறையாகவே விட்டிருப்பான்.

திருமலையில் 1985இல் தொடங்கிய நித்திய அன்னதானத் திட்டம் இன்றும் தொடர்ந்து நடைபெறுகிறது. பந்தியில் அமர்ந்தவரிடம் 'உம் சமயக்கணக்கு யாது?' என்று கேட்டு எவரும் இலை போடுவதில்லை. மலையப்பன் சந்நிதியில் உயிர் உண்டு. மணிபல்லவத்தில் உயிர் இல்லை. இலைக்கு முன் அவ்விரண்டும் ஒன்றுபடுகின்றன. தருக்கத்தில் பிரிந்தவை ஒழுக்கத்தில் கூடுவதைக் காட்ட இதனினும் அண்மைச் சான்று நமக்கு வேண்டுவதில்லை.

இழந்த நூல்

இவ்வாறு எடைபோட நமக்கு இருபக்க நூல்களும் வேண்டும். குறையும் அங்கேதான் உள்ளது. நீலகேசி எந்நூலை மறுக்க எழுந்ததோ அந்த நாதகுத்தனாரின் குண்டலகேசி இன்று இல்லை. புறத்திரட்டில் பத்தொன்பது செய்யுட்கள் எஞ்சின. சில பகுதிகளை நீலகேசி உரையிலிருந்து அறிகிறோம். சமணத்திலிருந்து பௌத்தத்திற்குச் சென்றதாகப் பாலி மரபு கூறும் அப்பிக்குணி தமிழில் எவ்வாறு வாதிட்டாள் என்பதை, அவளை வென்றதாகக் கூறும் எதிரியின் நூல்வழியே அறிய வேண்டியிருக்கிறது. வழக்கில் ஒரு தரப்பாரின் ஏடு தொலைந்தபின் வழங்கும் தீர்ப்பு எத்தகையது என்பது நம் நீதிமன்ற வாயிலில் நிற்போர்க்குத் தெரியும்.

மணிமேகலைக்கும் அக்குறை சிறிது உண்டு. சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் பிற சமயத்தார் சில அடிகளில் தம் கொள்கையைச் சுருக்கிக் கூறி அகல்கின்றனர்; பூதவாதி நகைப்புக்கு ஆளாகிறான். இவ்வகையில் மேம்பட்டு நிற்பவர் அருணந்தியார். பதினான்கு மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதன் வாயாலேயே முதலில் பேசவிட்டு, அதன்பின்னரே மறுக்கிறார். பௌத்தருள்ளும் சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்னும் நால்வரையும் பிரித்தறிந்து விடை கூறுகிறார். வேங்கடத்தின் வடக்கே கிருட்டிணைக் கரையில் தழைத்த மாத்தியமிகமும், தெற்கே காஞ்சியில் பயிலப்பட்ட பௌத்த அளவையும் தமிழ்ச் சைவர் ஒருவரின் செய்யுளில் இடம்பெற்றன. மறுப்பதற்காகவேனும் கற்றார், கற்றதனால் காத்தார்.

1898இல் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையோடு வெளியிட்டார். சைவர் பௌத்தக் காப்பியத்தைக் காத்தார். சமணர் வெளியிட்ட நூலில் குண்டலகேசியின் துணுக்குகள் பிழைத்தன. நம் முன்னோர் வாதில் விட்ட நடுநிலையை நம் பதிப்பாசிரியர்கள் மீட்டனர்.

ஆதலின் பௌத்தத்தின் உயிர்க்கொள்கையில் குறை உண்டா என்று சங்க மேடையில் கேட்பாருக்கு என் விடை இது. உண்டு, வினைக்கும் பயனுக்கும் இடையிலுள்ள சந்தியில் உண்டு. நீலியின் கேள்வி இன்னும் தீரவில்லை. ஆனால் அக்கேள்வியைக் கேட்கும் உரிமை, மணிபல்லவத்து மணலையும் தோண்டிப் பார்த்தவர்க்கே உரியது. நீலகேசியை ஒரு கையிலும் மணிமேகலையை மறு கையிலும் கொண்டு படியுங்கள். எவர் வென்றார் என்பதில் நாம் ஒன்றுபடாது போகலாம். எது பசி தீர்க்கும் என்பதில் வேறுபட மாட்டோம்.